அடியாள் உப்புப் போட்ட காட்சி

கதாநாயகன் அடியாளைக் கூரையிலிருந்து தள்ளிவிட்டால் தியேட்டரில் விசில் பறக்க வேண்டும். உலக வழக்கம் அது. நேற்றுப் பகல் காட்சியில் விசிலுக்குப் பதிலாகக் காலி டீக் கோப்பை பறந்தது. திரையில் நின்ற கதாநாயகனின் மூக்கைக் குறிபார்த்துப் பறந்தது என்பதுதான் விசேஷம்.

இதைச் சொல்லி முடித்த டைரக்டர், தன் வீட்டுச் சோபாவில் சாய்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"மூக்குல பட்டுச்சா சார்?" என்று கேட்டான் வாலு.

எதிரே உட்கார்ந்திருந்த அண்ணி அவன் காலை மிதித்தாள். துப்பறியும் அலுவலகம் அவளுடையது. அவள் கணவனின் தம்பி வாலு, அங்கே உதவியாளன். முறைப்படி அவள் அவனுக்கு மட்டும்தான் அண்ணி. ஆனால் அவன் வாய்க்கு வாய் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வழக்குக் கொண்டுவருகிறவர்கள், போலீஸ்காரர்கள், கையும் களவுமாகப் பிடிபட்ட திருடர்கள் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றாள் அண்ணி. "நான் சினிமா பார்க்கறவ இல்ல."

"தெரியும், விசாரிச்சுட்டுத்தான் கூப்பிட்டேன்," என்றார் டைரக்டர்.

படம் பழைய படம். கதாநாயகனும் தயாரிப்பாளரும் ஒரே ஆள்தான். ரசிகர்கள் அவரைச் சூறாவளி என்பார்கள். பல வருடம் கழித்து அதையே மறுபடி வெளியிட்டிருந்தார்கள். 'இதுவரை காணாத காட்சிகளுடன் முழு நீளப் பதிப்பு' என்று சுவரொட்டி சொன்னது. அந்தக் காலத்தில் நீளம் என்று வெட்டிப் போட்டதை எல்லாம் பொறுக்கி ஒட்டி, அதற்கும் டிக்கெட் போட்டிருக்கிறார்கள் என்பது வாலுவின் விளக்கம். காணாத காட்சிகள் என்றால் சூறாவளி மெதுவாக நடந்து வருவது, திரும்பிப் பார்ப்பது, மறுபடி மெதுவாக நடந்து போவது. எல்லாம் சூறாவளியே பார்த்துச் சம்மதித்தவை.

யாரும் சம்மதிக்காத காட்சி ஒன்றும் உள்ளே புகுந்திருந்தது.

"வில்லனோட அடியாள் வீட்டுக்கு வர்றான். வாசல்ல செருப்பைக் கழட்டறான். அம்மா தூங்கறா. அடுப்புல ஏதோ கொதிக்குது. உப்புப் போடறான், ருசி பார்க்கறான், கையைக் கழுவறான், மூடி வைக்கறான். ஒரு வசனம் கிடையாது. அடுத்த காட்சியில சூறாவளி அவனைக் கூரையிலேருந்து தள்ளறார்."

"ஐயோ," என்றான் வாலு.

"அதைத்தான் தியேட்டரே சொல்லுது. இன்னிக்கு மாலைக் காட்சிக்குச் சூறாவளியே வர்றார். அதுக்குள்ள இதைச் செருகினது யாருன்னு சொல்லணும். சொல்லலைன்னா எடிட்டர் பேரைப் படத்துலேருந்து தூக்கிடுவார். அப்புறம் யாரும் அவளுக்கு வேலை குடுக்க மாட்டாங்க. கடைசியா படம் அவ ரூம்லேருந்துதான் போச்சு. கேட்டா திருதிருன்னு முழிக்கறா." டைரக்டர் குரலைத் தாழ்த்தினார். "என் மனைவியோட தங்கச்சி அவ. மச்சினின்னு பார்த்தா என் பொழைப்பு போயிடும்."

பக்கத்தில் தண்ணீர்த் தட்டோடு டைரக்டரின் மனைவி நிற்பதை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். வெறுங்காலோடு பூனை மாதிரி வந்திருந்தாள். டம்ளர் ஒன்று குறைந்ததால் மறுபடி உள்ளே போனாள். சமையலறைக் குழாய் 'கொள், கொள்' என்று இருமி, பெருமூச்சு ஒன்று விட்டு, அதற்கப்புறம்தான் தண்ணீர் விட்டது.

"குழாய்க்கு ஜலதோஷமா மேடம்?"

"வந்த நாள்லேருந்து சொல்றேன், மாத்தறாரா பாருங்க," என்றவள், தட்டை வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தாள். "என் தங்கச்சி பொய் சொல்றவ இல்லீங்க." உடனே உள்ளே போய்விட்டாள்.

குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளும் கழற்றாத ரப்பர் செருப்போடு, இடது காலைச் சற்று இழுத்தபடி, டைரக்டர் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

எடிட்டரின் அறையில் ஜன்னலே இல்லை. அணைந்து கிடந்த இரண்டு திரைகளுக்கு நடுவே, தேர்வில் தோற்ற பிள்ளை மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் கேபிள்களின் வால்கள் மட்டும் மிச்சம்.

"சூறாவளி ஆளுங்க வந்து டிஸ்க் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. தியேட்டர் பக்கம் வராதேன்னு அத்தான் சொல்லிட்டார். அந்தக் காட்சி எப்படி வந்திருக்குன்னுகூட நான் பார்க்கலைங்க."

"நீ வெச்சியா?" என்றாள் அண்ணி.

"இல்லீங்க."

"அப்ப ஏன் முழிக்கறே?"

எடிட்டர் விரல் நகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அப்ப அதை அழிச்சுடுன்னு அத்தான் சொன்னார். எனக்கு மனசு வரல. நான் முதன்முதலா வெட்டின படம் அது. அதுல அந்த ஒரு காட்சிதான் உருப்படி. ஒளிச்சு வெச்சுட்டேன். அதை இப்ப சொன்னா நான்தான் வெச்சேன்னு முடிவே பண்ணிடுவாங்க."

"எங்க ஒளிச்சே?"

"'அக்கா கல்யாணம்'னு ஒரு ஃபோல்டர்ல."

"அங்கயா?"

"கல்யாண வீடியோவை யாராவது தானா திறந்து பார்ப்பாங்களாங்க? அதைவிடப் பத்திரமான இடம் உலகத்துல எது?"

வாலு எழுந்து அவளுக்குக் கை கொடுத்தான். "மூளைன்னா இதுதான் மூளை. எங்க அண்ணன் கல்யாண வீடியோகூட முழு நீளப் பதிப்புதான். பாதிக்கு மேல யார் யாரோ சாப்பிடறாங்க. அண்ணி ஒரு இடத்துல சிரிக்கறாங்க, அதுவும் தவறுதலா."

அந்தக் கல்யாணத்தின் மணப்பெண் அவனைத் திரும்பிப் பார்த்தாள். வாலு உட்கார்ந்துகொண்டான்.

"காட்சியில சத்தம் எப்படி இருந்துச்சு?" என்றாள் அண்ணி.

"சத்தமே கிடையாதுங்க. ஷூட்டிங்ல ஜெனரேட்டர் இரைச்சலும் அத்தான் கத்தறதும்தான் பதிவாகும். நடக்கறது, கதவு திறக்கறது, பாத்திரம் வைக்கறது எல்லாம் பின்னால தனியாச் செஞ்சு சேர்ப்போம். இது அதுக்கு முன்னாடியே வெட்டுப்பட்டுடுச்சு. ஊமைக் காட்சி."

அண்ணி எழுந்தாள். "வா, சினிமாவுக்குப் போகலாம்."

வாலு ஒரு நிமிடம் அசந்து நின்றான். குடும்பத்துக்குள் வந்த நாளிலிருந்து அண்ணி யாரையும் சினிமாவுக்குக் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை.

பகல் காட்சியில் கூட்டம் நெரிந்தது. விளக்கு அணைந்ததும் அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். சூறாவளி மெதுவாக நடந்து வந்தார். திரும்பிப் பார்த்தார். மறுபடி நடந்தார். வாலு பொறுத்துக்கொண்டான்.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. முரட்டு மீசையும் கன்னத்துத் தழும்புமாக ஒருவன், தூங்குகிற அம்மா விழித்துவிடக் கூடாதே என்று உடம்பைச் சுருக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனான். உப்பு டப்பாவைத் திறந்தான். ஒரு சிட்டிகை போட்டான். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். கையைக் கழுவி, சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். வாலு கர்ச்சீப்பை எடுத்தான். அடுத்த நிமிடமே அவன் கூரையிலிருந்து விழுந்தபோது, முன் வரிசைப் பெண் ஒருத்தி, "அந்தம்மா எழுந்து தேடுவாளே, பாவி," என்று சூறாவளியைத் திட்டினாள். வாலுவும் சேர்ந்து திட்டினான். கர்ச்சீப் போதாமல் சட்டைக் கையையும் பயன்படுத்திக்கொண்டான்.

பக்கத்தில் அண்ணியின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

இடைவேளையில் வாலு வெடித்தான். "கேஸே அந்த ரெண்டு நிமிஷம்தான் அண்ணி. சரியா அப்பத் தூங்கறீங்க."

"எவன் சொன்னான் தூங்கினேன்னு? நீ கண்ணால பார்த்தே, அழுதே. நான் காதால பார்த்தேன். ஊமைக் காட்சின்னு அந்தப் பொண்ணு சொன்னா. இப்ப அதுல சத்தம் இருக்கு. சரி, சமையலறையில அந்த ஆள் கால்ல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. வாசல்லயே கழட்டிட்டானே. வெறுங்கால்."

"எனக்குச் செருப்புச் சத்தம் கேட்டுச்சே."

வாலு வாயைத் திறந்தான். காட்சி மனதுக்குள் மறுபடி ஓடியது. ஆமாம், ஏதோ சர்க்கென்று இழுபட்டது. அழுகிற அவசரத்தில் அதைக் காது வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்து, பாப்கார்ன் வரிசையில் கன்னத்துத் தழும்பு ஒன்று அவன் கண்ணில் பட்டது. வாலு பாய்ந்துபோய் அவர் தோளைப் பிடித்தான். "அண்ணி, ஆளே மாட்டிக்கிட்டான். இந்தக் காட்சியால லாபம் இவருக்குத்தானே?"

அடியாளாக நடித்தவர்தான். இப்போது டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறாராம். நேற்றிலிருந்து எல்லாக் காட்சிக்கும் வந்துகொண்டிருக்கிறார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் அணைக்கக்கூடத் தெரியாதுங்க," என்றார் அவர், தோளை விடுவித்துக்கொள்ளாமலே. "இப்படி ஒரு காட்சி நடிச்சேன்னு வீட்டுல சொன்னா யாரும் நம்பல. படத்துல நான் விழறது மட்டும்தானே இருந்துச்சு. இன்னிக்குப் பொண்ணையும் கூட்டிட்டு வந்திருக்கேன். நாளைக்கும் இது இருக்குமாங்க?"

வாலு கையை எடுத்துவிட்டான்.

"நடிச்சப்ப கால்ல ஏதாவது போட்டிருந்தீங்களா?" என்றாள் அண்ணி.

"இல்லீங்க. சிமென்ட் தரை. ஜில்லுன்னு இருந்தது இன்னும் ஞாபகம் இருக்கு."

அண்ணி கைப்பையை மாட்டிக்கொண்டாள். "வாலு, தாகமா இருக்கு. டைரக்டர் வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வரலாம்."

"தண்ணி இங்கயே விக்குது அண்ணி."

"எனக்கு அந்த வீட்டுத் தண்ணிதான் வேணும்."

டைரக்டர் கதவைத் திறந்தார். அண்ணி தொண்டையைத் தடவிக்கொண்டாள். "தொண்டை கட்டிக்கிச்சு. கொஞ்சம் உப்புப் போட்டுத் தண்ணி கிடைக்குமா? மேடத்தைத் தொந்தரவு பண்ணாதீங்க. நீங்களே கொண்டு வாங்களேன்."

டைரக்டர் சமையலறைக்குப் போனார். அண்ணி வாலுவின் பக்கம் குனிந்தாள். "கண்ணை மூடிக்கோ. நான் சொல்ற வரைக்கும் திறக்காதே."

வாலு மூடினான். இருட்டு. சர்க், தப். சர்க், தப். டப்பா மூடி 'டக்' என்று கழன்றது. கொள், கொள். பெருமூச்சு. தண்ணீர்.

டைரக்டர் டம்ளரோடு திரும்பி வந்தபோது வாலுவின் கன்னத்தில் இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அண்ணி," என்றான் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அழுகை அழுகையா வருது. ஏன்னே தெரியல."

"எனக்குத் தெரியுது," என்றாள் அண்ணி. "சாருக்கும் தெரியுது."

டைரக்டர், திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி நிற்பானோ அப்படி நின்றார். சமையலறை வாசலில் அவருடைய மனைவி வந்து நின்றிருந்தாள். இந்த முறையும் அவள் வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

"ஊர்ல எத்தனையோ துப்பறியறவங்க இருக்க, படமே பார்க்காத என்னை ஏன் தேடிப் பிடிச்சீங்கன்னு காலையிலேருந்து யோசிச்சேன்," என்றாள் அண்ணி. "அப்புறம் அந்தக் கல்யாண ஃபோல்டர். ஊரான் கல்யாண வீடியோவை எவனும் திறக்க மாட்டான். திறந்தா பொண்ணு திறக்கணும், இல்ல மாப்பிள்ளை திறக்கணும். தியேட்டர்லயும் இந்தக் குழாய் இருமினதைக் கேட்டதும் வீடு இதுதான்னு ஆச்சு. மேடம் வீட்டுக்குள்ள வெறுங்கால்லதான் நடக்கறாங்க. மிச்சம் யாரு?"

"சத்தம் சேர்க்கறது இவங்களுக்குத் தொழிலாச்சே அண்ணி," என்றான் வாலு. "வெறுங்காலுக்கா செருப்புச் சத்தம் வைப்பாங்க?"

"அந்தத் தொழில் பண்றவங்க வைக்க மாட்டாங்க. காலைப் பார்த்துட்டுத்தான் நடப்பாங்க. இவர் பாத்திரத்தைப் பார்த்துக்கிட்டே நடந்திருக்கார். தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க. தன் காலடிச் சத்தமும் அப்படித்தான். வருஷக்கணக்கா வீட்டுக்குள்ள செருப்போட நடக்கறவருக்கு, நடக்கறதுன்னாலே அந்தச் சத்தம்தான்."

டைரக்டர் டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், இப்போது ஒரு சிட்டிகை உப்பில் மாட்டிக்கொண்டார்.

"கல்யாண நாள் வருது, அந்த வீடியோவைத் தேடிக் குடுங்கன்னு இவதான் சொன்னா. எடிட்டிங் ரூமுக்குப் போய் திறந்தேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி அந்தக் காட்சி நின்னுச்சு." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "எங்கப்பா வெளியில பொல்லாத மனுஷன். அவரைக் கண்டா தெருவே ஒதுங்கும். வீட்டுக்கு வந்தா மட்டும் செருப்பைக் கழட்டிட்டு, அம்மா சமையலுக்கு உப்புப் பார்ப்பார். அவரைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச நல்லது அது ஒண்ணுதான். அதைத்தான் எடுத்தேன். அடியாளுக்கு எதுக்கு அம்மான்னு சூறாவளி வெட்டச் சொன்னார், வெட்டினேன். இவ்வளவு நாள் கழிச்சு அதைக் கண்ணால பார்த்ததும் கை சும்மா இருக்கல. இவ ஊர்ல இல்லாதப்ப இந்தச் சமையல்கட்டுலயே சத்தத்தைப் பதிஞ்சு, படம் போறதுக்கு முந்தி நானே செருகிட்டேன். டீக் கோப்பை பறக்கும்னு நான் கண்டேனா? பயந்துட்டேன்."

"பயந்து, பழியை என் தங்கச்சி தலையில போட்டீங்க," என்றாள் மனைவி.

அவர் டம்ளரை மேஜைமேல் இன்னும் சற்றுத் தள்ளி வைத்தார்.

"நான் வெளியூர் போயிட்டு வந்தப்ப உப்பு டப்பா இடம் மாறியிருந்துச்சு. மனுஷன் சமைக்கக் கத்துக்கிட்டார்னு நெனச்சு ரெண்டு நாள் சந்தோஷமா இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். "உங்களுக்கு அவ மச்சினி. எனக்கு, கையைப் பிடிச்சு ரோடு தாண்ட வெச்ச பொண்ணு. மாலைக் காட்சிக்கு நானும் வர்றேன், அவளும் வர்றா. நீங்க யார் பேரைச் சொல்றீங்கன்னு பார்க்கறேன்."

மாலைக் காட்சி. கடைசி வரிசையில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, யாருக்கும் தெரியாமல் வந்ததாக நினைத்துக்கொண்டு சூறாவளி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டைரக்டர். அதற்கடுத்து அவர் மனைவி, எடிட்டர், அண்ணி, வாலு. எடிட்டர் அக்காவின் கையை விடவே இல்லை. விளக்கு அணைவதற்குள் டைரக்டர் அவர் பக்கம் குனிந்து சொன்னார்.

"சார், வெச்சது நான்தான். எடிட்டருக்கு எதுவும் தெரியாது. அவ மேல நான் போட்டது அபாண்டம்."

சூறாவளி கண்ணாடியைக் கழற்றினார். "படம் முடியட்டும். உங்களுக்கு அப்புறம் வெச்சிருக்கேன்."

டைரக்டர் வியர்த்துக் கொட்டினார். ஆனாலும் அவர் மனைவி, காலையிலிருந்து முதல்முறையாக, அவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அடியாள் வீட்டுக்கு வந்தான். உப்புப் போட்டான். ருசி பார்த்தான். குழாய் இருமியது. அப்புறம் கூரை. அப்புறம் அந்த விழுகை. சூறாவளியின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், இருட்டில் ஆள் யாரென்று தெரியாமல் அவர் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். "கொஞ்சமாவது ஈரம் இருக்கா பாருங்க அந்தப் படுபாவிக்கு?"

"அதானே," என்றார் சூறாவளி. தொப்பியின் விளிம்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாலு வார்த்தை பேசிப் பார்த்திருக்கலாம்ல."

படம் முடிந்து விளக்கு வந்ததும், அவர் சிவந்த கண்ணோடு டைரக்டர் பக்கம் திரும்பினார். "யோவ், இதை ஏன்யா அப்பவே வெட்டினே?"

"நீங்கதான் சார் வெட்டச் சொன்னீங்க."

"நான் ஆயிரம் சொல்லுவேன். கேட்டுடறதா?"

"ஒருத்தர் கேட்கல சார்," என்றார் டைரக்டர். "நான் அழிக்கச் சொன்னதை அழிக்காம, இத்தனை வருஷம் காப்பாத்தி வெச்சிருந்தது இவதான்." எடிட்டரைக் காட்டினார். சூறாவளி எழுந்து அவளுக்குக் கைகூப்பினார். காட்சியும் இருக்கட்டும், அவள் பேரும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, ரசிகர்கள் அடையாளம் கண்டுகொள்வதற்குள் பின்வாசலுக்கு ஓடினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வேகமாக நடந்ததை வாலு பார்த்தான்.

எடிட்டர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் கறுத்து நின்றாள்.

"என்னம்மா, அதான் பேர் தப்பிச்சுடுச்சே?" என்றாள் அண்ணி.

"திருட்டுத்தனமா வெச்சேன்னு சொன்னதைக்கூடப் பொறுத்துக்கிட்டேங்க. இப்பத்தான் காட்சியையே பார்க்கறேன். வெறுங்காலுக்குச் செருப்புச் சத்தம். இதை நான் பண்ணேன்னு நம்பினாங்களே, அதைத்தான் தாங்க முடியல." அவள் டைரக்டரிடம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில அந்தச் சத்தம் பூரா எடுத்துடறேன் அத்தான். நானே வெறுங்கால்ல நடந்து புதுசா வைக்கறேன்."

டைரக்டர் தலையைக் குனிந்தபடியே ஆட்டினார்.

"காலடியை மாத்திக்கோ, உப்பு டப்பாவையும் மாத்திக்கோ," என்று அக்கா குறுக்கே வந்தாள். "அந்தக் குழாய் இருமலை மட்டும் விட்டுடும்மா. என் வீட்டுக்காரர் ஒருநாள் சமையல்கட்டுக்குள்ள போனாருங்கறதுக்கு எனக்கு வேற அத்தாட்சி இல்ல."